நான் அடைத்த ஓட்டை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் டிரில் மெஷினைக் கொடுத்து, புத்தம் புதுக் குழாயில் வளைவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போடச் சொல்வார்கள். நல்ல குழாயில் எவனாவது ஓட்டை போடுவானா என்று உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. நானும் சிரித்தவன்தான். சிரித்ததோடு நிற்காமல் அந்த ஓட்டையை அடைத்தும் வைத்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். குழாய் மாட்டுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் பட்டறையில் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இருக்கிறது.

முதலில் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டால்தான் நான் செய்த முட்டாள்தனம் உங்களுக்குப் புரியும். மணலியில் ஒரு ஆலையில் பதினெட்டு வருஷம் கான்ட்ராக்ட் பைப் ஃபிட்டராக இருந்தேன். அங்கே குழாய்க்குள் ஓடுவது தண்ணீர் இல்லை. கசிந்தால் மூச்சு முட்டும், தீப்பொறி பட்டால் ஆளே இருக்கமாட்டான். சொட்டுகிற இடத்துக்குக் கீழே பக்கெட் வைக்கிறவனை அங்கே ஃபிட்டர் என்று யாரும் மதிக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிப்போயிற்று. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், கை கழுவுகிற இடத்தில் குழாய் சொட்டினால் அதை இறுக்கிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். திருவொற்றியூரில் நம் பட்டறை அப்போதுதான் ஆரம்பித்திருந்த சமயம், அதில் சேர்ந்தேன். மண்ணே இல்லாமல் தேங்காய் நார்த்தூளில் செடி வளர்ப்பது, உரம் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வேருக்கு விடுவது, இதையெல்லாம் மொட்டை மாடிகளில் அமைத்துக் கொடுப்பார்கள். எனக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாய்கள். போதாக்குறைக்கு வேலையைப் பார்த்துக்கொண்டது விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண். இருபத்தி நாலு வயசு. எனக்கு நாற்பத்தாறு. மேடம் என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். மனசுக்குள் கூப்பிடவில்லை.

ராயபுரத்தில் ஒரு வீடு. துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் சொந்தக்காரர். எல்லோரும் அவரை டேலி சார் என்பார்கள். அவர் மாடியில் இருந்தார், கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். பழைய கட்டடம், மொட்டை மாடி பாரம் தாங்காது, மண் தொட்டி வைக்க முடியாது. அதனால்தான் எங்களிடம் வந்தார். தக்காளியும் கீரையும் வைக்க ஆசை. இருநூறு லிட்டர் உரத்தண்ணீர் நிற்கிற டிரம்மைத் தளத்தின் நடுவில் வைத்தால் கூரை உட்காரும் என்று பயந்து, படிக்கட்டு அறையை ஒட்டிக் கெட்டியான சுவரின் மேல் மேடை கட்டி அதில் வைத்தோம். செடிகள் கீழே, டிரம் மேலே. டிரம்முக்குள் முழுகிக் கிடக்கும் சின்ன மோட்டார் தண்ணீரை ஏற்றும். குழாய் டிரம்மின் விளிம்பைத் தாண்டி வளைந்து கீழே செடிகளுக்கு இறங்கும். கடிகாரம் வைத்த சுவிட்ச் ஒரு நாளைக்கு நாலு முறை கால் மணி நேரம் மோட்டாரைப் போட்டு நிறுத்தும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு அந்தப் பெண் மேடை மேல் ஏறினாள். குழாய் விளிம்பில் வளைகிற இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, டிரில்லால் ஒரு ஓட்டை போட்டாள். நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"என்ன மேடம், நல்ல பைப்ப ஓட்ட பண்றீங்க?"

"அது இருக்கட்டும் அண்ணே. அடைச்சிடாதீங்க" என்றாள். அதற்குள் அவளுக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. டேலி சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு வருஷ ஃபிட்டர் ஒரு சின்னப் பெண்ணிடம் குழாய் விஷயத்தில் சந்தேகம் கேட்பதா? இந்த வறட்டு கௌரவத்துக்கு என்ன விலை என்று அப்போது தெரியாது.

உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல் அல்லாட வேண்டாம். மேலே இருக்கும் டிரம்மிலிருந்து குழாய் கீழே இறங்கினால், மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் நிற்காது. குழாய் முழுக்கத் தண்ணீர் இருப்பதால், கீழே இறங்குகிற தண்ணீர் மேலே இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கும். லாரி டாங்கியில் டியூபைப் போட்டு வாயால் ஒரு தடவை உறிஞ்சிவிட்டால் டீசல் தானாக வருமே, அதே சங்கதி. டிரம் காலியாகும்வரை நிற்காது. அந்த ஓட்டை இருந்தால் மோட்டார் நின்ற உடனே அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், இழுவை அறுந்துவிடும். அவ்வளவுதான். அதன் விலை ஒரு நிமிஷ வேலை.

ஆனால் மோட்டார் ஓடும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். டிரம் மூடியில் பட்டுச் சுவரில் வழியும். உரத்தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை டேலி சார் பட்டறைக்கு போன் செய்து, புதிதாக வெள்ளையடித்த சுவர் பாழாகிறது, உங்கள் குழாய் லீக் என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் அத்திப்பட்டில் வேறு வேலையில் இருந்தாள். நான் போனேன்.

லீக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை துறுதுறுக்கும் என்று சொன்னேன் அல்லவா? மேலே ஏறிப் பார்த்தேன். அடைச்சிடாதீங்க என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஞாபகம் வந்தும், ஓட்டையைச் சுற்றிப் பசையைப் பிசைந்து அப்பி, மேலே டேப் சுற்றி, துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு இறங்கினேன். சுவரைத் தடவிப் பார்த்த டேலி சார், "இப்பதான்யா ஃபிட்டர் வேல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு மோட்டார் நாலு முறையும் ஓடி முடிந்திருந்தது. சாயங்காலம் அவர் புதிதாக உரம் கரைத்து டிரம்மை முட்ட முட்ட நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன். "ஃபிட்டர், டிரம்மு காலியா கீது. யாரோ திறந்துவுட்டுட்டான்போல. செடியெல்லாம் தண்ணில நிக்குது."

டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேடை மேல் ஏறி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் மோட்டார் மட்டும் கிடந்தது. குழாயில் நான் அப்பிய பசை கல் மாதிரி இறுகியிருந்தது. அதைப் பார்த்த வினாடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடி நின்றிருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. இருநூறு லிட்டரும் இறங்கிவிட்டது. அவமானத்தில் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அப்போதைக்கு அது வெறும் அவமானம்தான். பயம் இன்னும் வரவில்லை.

இறங்கித் தளத்தைப் பார்த்தேன். செடித் தொட்டிகள் நிரம்பி வழிந்து, வடிகிற தண்ணீரைப் பிடிக்கும் பக்கெட்டும் நிரம்பி, தளம் முழுக்க ஓடியிருந்தது. ஈரத்தின் ஓரம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அது மூலையில் இருந்த மழைநீர்க் குழாயின் வாய்க்குள் போய் முடிந்தது.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேமித்தாக வேண்டும் என்று சட்டம் வந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் அவசர அவசரமாக மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கினார்கள். இடமிருந்தவர்கள் மண்ணுக்குள் விட்டார்கள். ராயபுரத்துச் சந்தில் மண்ணுக்கு எங்கே போவது? டேலி சார் அதைக் கூழாங்கல் நிரப்பிய ஒரு தொட்டி வழியாக நேராக சம்ப்புக்குள் விட்டிருந்தார். சம்ப் என்றால் வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. கார்ப்பரேஷன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அதில்தான் நிற்கும். மழை இல்லாத நாளில் குழாயை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு இருந்தது. மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

டேலி சார் கேன் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர். கீழ்வீட்டில் இருந்தவர்கள் சம்ப்புத் தண்ணீரைத்தான் அடிபம்பில் அடித்துச் சமைத்தார்கள், குடித்தார்கள். கீழ்வீட்டில் அமுலு என்று ஒரு பெண், இருபது இருபத்தோரு வயசு. புருஷன் சேகர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன், போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவான். அவளுக்கு இரண்டு மாசக் கைக்குழந்தை.

"இன்னா ஆச்சி, ஃபிட்டர்?" என்றார் டேலி சார்.

"ஒண்ணுமில்ல சார், பாக்குறேன்" என்றேன்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த ஒண்ணுமில்லை என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அப்போது மணி பத்து பத்து இருக்கும். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உரத்தில் என்ன இருக்கிறது, அது குழந்தையை என்ன செய்யும் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் சம்ப்புக்குள் போகக்கூடாத ஒன்று போயிருக்கிறது, அதைப் போகவிட்டவன் நான் என்பது தெரியும். அது போதாதா வாயைத் திறக்க? போதவில்லை. முதலில் நிச்சயம் பண்ணிக்கொள்வோம், வீணாக ஊரைக் கூட்டவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறுப்பான ஆள் பேசுகிற மாதிரியே இருந்தது அந்தப் பேச்சு.

கீழே இறங்கினேன். அமுலு அடிபம்பில் குடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய் சம்ப் மூடியைத் தூக்கினேன்.

"இன்னாண்ணே, சம்ப தொறக்குற? எதுனா வியுந்துச்சா?" என்றாள்.

"சும்மாதான்மா" என்று சிரித்தேன்.

கையில் அள்ளி வாயில் விட்டேன். லேசாகக் கரித்தது. ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டுத் தண்ணீர்தான் கரிக்காது? நிறமில்லை, வாடையில்லை. மூடியைப் போட்டுவிட்டு மறுபடி மாடிக்கு ஏறினேன். நான் ஏறும்போது அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. பார்த்துக்கொண்டேதான் ஏறினேன்.

மேலே போய் உரச் சாக்கின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். நைட்ரேட் என்று மூன்று இடத்தில் இருந்தது. ஆலையில் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன், நல்ல விஷயமாகக் கேட்டதில்லை. சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும், அதில் இருநூறு லிட்டர் கலந்தால் எவ்வளவு நீர்த்துப்போகும் என்று மனக்கணக்குப் போட்டேன். எனக்குப் பிடித்த விடை வரும்வரை போட்டேன். பட்டறைப் பெண்ணுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரமாக எவளிடம் கேட்கக்கூடாது என்று வீராப்பாக இருந்தேனோ, இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவளையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

பத்தரை தாண்டி அவளே கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஓட்டையை அடைத்ததைப் பற்றி நான் இழுத்து இழுத்துச் சொல்லும்போதே குறுக்கே கேட்டாள்.

"அந்தத் தண்ணிய யாரு குடிக்கிறாங்க?"

"கீழ்வீட்டுல."

"கீழ யார் யார் இருக்காங்க?"

"ஒரு பொண்ணு, கைக்குழந்தை. ரெண்டு மாசம் இருக்கும்."

"தாய்ப்பாலா, பாட்டிலா?"

"தெரியல மேடம்."

"அண்ணே, போன வெக்காதீங்க. அப்படியே கீழ ஓடுங்க. ஓடிக்கிட்டே பேசுங்க."

நாற்பத்தாறு வயசில் அந்தப் படிகளை நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவள் குரல் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. "பெரியவங்களுக்கு இதால ஒண்ணும் ஆகாது. ஆறு மாசத்துக்கு உள்ள குழந்தைக்கு ஆகும். ரத்தம் மூச்சுக்காத்த சுமக்காது. பாட்டில் குடுத்தா நிறுத்துங்க, முதல்ல நிறுத்துங்க."

கதவு திறந்திருந்தது. அமுலு பாயில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில். பாட்டில் அதன் வாயில் இருந்தது. பாதி காலி.

நான் பாட்டிலைப் பிடுங்கினேன். குழந்தை வீறிட்டது. அவள் பயந்துபோய் எழுந்தாள்.

"இன்னாண்ணே பண்ற? பைத்தியமா உனுக்கு?"

"இந்தத் தண்ணிலயா பால் கரைச்ச?"

"ஆமா. இப்பதான் அட்சி எட்தாந்தேன். நல்லா கொதிக்க வெச்சிதான் கலக்குனேன். எனுக்கு மஞ்சக்காமால வந்ததுல பால் நின்னுபோச்சி, பவுடருதான் குடுக்கறேன். இன்னா கீது தண்ணில?"

அமுலு சொன்னதை போனில் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், "கொதிக்கவெச்சா கிருமிதான் சாகும் அண்ணே. உப்பு போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாகும். உடனே ஆஸ்பத்திரி" என்றாள். காலையில் வேறு பால் கொடுத்தாயா என்று அமுலுவிடம் கேட்டேன். ஆறு மணிக்கு ஒரு பாட்டில், ராத்திரி பிடித்துவைத்த தண்ணீரில். அதில் எதுவும் இல்லை. ஆகக்கூடிக் குழந்தையின் வயிற்றுக்குள் போனது இந்த அரைப் பாட்டில் மட்டும்தான். பத்து பத்துக்கு எனக்குத் தெரிந்தது. பத்தரை வாக்கில்தான் அமுலு பால் கரைத்திருக்கிறாள். இதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேலி சார் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். எனக்கு அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. என்ன உரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு. பதில் சொன்னேன். உரச் சாக்கின் லேபிளைக் கிழித்துக் கையோடு கொண்டு போயிருந்தேன், அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அப்புறம் கேட்டார்.

"தண்ணியில கலந்தது உங்களுக்கு எப்போ தெரியும்?"

அமுலு பக்கத்தில் நின்றாள். பத்தரைக்கு மேல் என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். தப்பான நேரத்தைச் சொன்னால் அது வைத்தியத்தை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயம். "பத்து பத்துக்கே தெரியும்மா. சொல்லல" என்றேன்.

அமுலு என்னைத் திட்டவில்லை. என் பக்கம் இருந்த தோளிலிருந்து குழந்தையை எடுத்து அந்தப் பக்கத் தோளில் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இது உடனே தெரியாது, நேரம் எடுக்கும், பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். அந்தப் பகலை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத வரவில்லை. உதடு, நகம், நாக்கு, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குழந்தை தூங்கினால் ஏன் தூங்குகிறது என்று பயம். அழுதால் ஏன் அழுகிறது என்று பயம். ஜன்னல் பக்கம் மேகம் மூடினால்கூட அமுலு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினாள். "அண்ணே, நீ பாரேன், ஒதடு கர்க்குதா? எனுக்குத் தெர்லயே" என்று என்னையே கேட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள் கேட்க? கரையில் அவள் மனுஷர் என்று யாரும் இல்லை. எவனால் வந்ததோ அவனிடமே கேட்கவேண்டியிருந்தது.

இரண்டு மணிக்கு மேல் உதட்டைச் சுற்றி மை பட்ட மாதிரி ஒரு நிறம் வந்தது. முதலில் பார்த்தவன் நான். இந்தத் தடவை ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, வார்டே அதிரக் கத்தினேன். டாக்டர் வந்து குழந்தையின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். காற்றுப் பட்டுச் சிவந்தால் நல்லது, காப்பித்தூள் நிறத்திலேயே நின்றால் நல்லதில்லை என்றார். மூன்று பேரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் சிவந்தது, முழுக்கச் சிவக்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள்.

அரைப் பாட்டிலோடு நின்றது நல்லதாயிற்று என்றார் டாக்டர். மறுநாள் காலை உதடு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. குழந்தை வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தியது, அந்த வார்டில் அதுவரை கேட்காத கத்தல். அமுலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பெண் அத்திப்பட்டிலிருந்து நேராக ராயபுரத்துக்கு வந்து, சம்ப்பை இறைக்க ஆள் வைத்து, கழுவி, மழைநீர்க் குழாயை அறுத்துவிட்டு, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அந்த ஓட்டை எதுக்குன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லாம போனது என் தப்பு. மாடித்தண்ணி எங்க போகுதுன்னு பாக்காததும் என் தப்பு" என்றாள். திரும்பி நடக்கப் போனவள் நின்று, "மிச்சம் உங்களுது அண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து அவளை மனசாரத்தான் மேடம் என்று கூப்பிட்டேன். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், மாடி ஏறுவதற்கு முன்னால் கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன தண்ணீர் குடிக்கிறார்கள், மாடித்தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கேட்காமல் நாங்கள் சாமானை இறக்கியதில்லை. டிரம்மைக் கீழே வைக்க முடிந்தால் கீழே வைத்தோம். முடியாத இடத்தில் ஓட்டையை டிரம்முக்குள் பார்த்த மாதிரிப் போட்டு, பக்கத்தில் பெயிண்டால் ஏன் என்று எழுதியும் வைத்தோம். இந்தக் கேள்விகளை அச்சடித்து, நீங்கள் இன்றைக்கு எரிச்சலோடு நிரப்புகிற அந்தப் படிவம் இப்படி வந்ததுதான்.

ஆனால் உங்களிடம் நான் சொல்ல வந்தது ஓட்டையைப் பற்றி இல்லை. தெரியாமல் அடைப்பவன் நாளைக்கும் ஒருவன் வருவான், அவனுக்காகத்தான் பெயிண்டால் எழுதுகிறோம். நான் சொல்ல வந்தது அந்த இருபது சொச்ச நிமிஷங்களை. ஆலையில் காஸ் கசிந்தால் எங்கே கசிகிறது என்று தேடமாட்டோம், முதலில் கத்துவோம், எல்லோரையும் ஓடவிடுவோம், அப்புறம்தான் தேடுவோம். அதை எனக்குப் பதினெட்டு வருஷம் பழக்கியிருந்தார்கள். அங்கே கசிந்தது என் கையால் இல்லை, அதனால் கத்த முடிந்தது. இங்கே என் கையால் ஆனது, தொண்டை அடைத்துக்கொண்டது. நிச்சயம் பண்ணிக்கொண்டு சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தத் தப்பு யாருடையது என்று முதலில் பாருங்கள். உங்களுடையது என்றால் உடனே வாயைத் திறங்கள். தப்பாகக் கத்தி ஊரைக் கூட்டினால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே?

புதன்கிழமை சேகரின் படகு வருகிறது என்று தெரிந்தது. அமுலு சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடவேண்டும் என்று காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் நின்றேன். அவன் ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அடி விழும் என்று தெரிந்துதான் போனேன். படகோரமாகவே நிற்கவைத்து, ஒரு வரி விடாமல் சொன்னேன். பசையை அப்பியது, டிரம் காலியானது, சம்ப்பைத் திறந்து பார்த்தது, அமுலு கேட்டபோது சிரித்தது, மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டது, எல்லாம்.

"புள்ள இப்ப எப்டி கீது?" என்றான்.

"நல்லா இருக்குப்பா. நேத்து வூட்டுக்கு வந்துட்டாங்க."

அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றான். கை ஓங்கவில்லை, குரலும் உயரவில்லை.

"என்னாண்ட சொல்றதுக்கு திருவொற்றியூர்லருந்து இம்மாந் தூரம் வந்துகீற. அன்னிக்கி அவ உன்னாண்டருந்து மூணு அடிலதான நின்னா?"